மூன்றாவது பிளேயர்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பெரியவரைப் புதுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவர் அங்கேதான் இருக்கிறார். நாற்காலிக்கு நல்ல சாய்மானம் உண்டு. அவர் முதுகு அதைத் தொடவில்லை. அவர் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

இன்றுதான் தொடரைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர் லிஃப்ட் மெக்கானிக். தனி ஆளாகத் தொடங்கிய கம்பெனியை இப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். பெரியவரின் மனைவி போன வருஷம் இறந்துபோனாள். தம்பி, பல வருஷங்களுக்கு முன் வீட்டைவிட்டுப் போனவர், வேறு ஊரில் அண்மையில் இறந்துபோனார். அந்தத் தம்பியின் மகள் போனில் கூப்பிட்டு, இன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்க அப்பாவை ஏன் வெளியே அனுப்பினீங்க, இதை மட்டும் நேரில் கேட்க வேண்டும் என்றாள்.

பெரியவர் போனிலேயே மறுத்திருக்கலாம். அது அவர் வழக்கமில்லை. “வாம்மா. உன் பெரியம்மா வாயாலேயே பதில் கேளு,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இறந்த பெரியம்மா எப்படிப் பதில் சொல்வாள்? அதற்கு ஒரு வீடியோ இருந்தது.

தம்பி போன அன்று எடுத்தது. ஒரு கிளினிக்கில் லிஃப்ட் நடுவில் நின்று, நோயாளி ஒருவர் விடியும்வரை உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார். வேலையில் இருக்க வேண்டிய தம்பி குடித்துவிட்டு மெஷின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆட்கள் எல்லார் முன்னாலும் பெரியவர், இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அன்று மாலைக்குள் தம்பி வந்துவிடுவான் என்றுதான் நினைத்தார். திரும்பி வந்தபோது தம்பி இல்லை. கம்பெனியைச் சபித்துவிட்டு, தானாகவே போய்விட்டதாக மனைவி சொன்னாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை கட்டுவதற்குள் அவர்களுக்கும் சேதி போய்விடட்டும் என்று அதையே வீடியோவிலும் பேசி அனுப்பியிருந்தாள்.

அந்த வீடியோதான் இத்தனை வருஷமாக அந்த வீட்டின் மானத்தைத் தாங்கியது. அண்ணன் தம்பியைத் துரத்திவிட்டான் என்று எவனாவது வாயைத் திறந்தால், பெரியவர் பேசவே மாட்டார். பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவார்.

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டது. வீடியோவைக் காப்பாற்றிப் புதியதற்கு மாற்றியாயிற்று. ஆனால் புதியதிலேயே இருந்த பிளேயர், இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் பிளேயர்களில் ஒன்றை இறக்கிப் போட்டால் ஓடும் என்றாள் மகள். அவள் பல் டாக்டர், அந்த மாப்பிள்ளையின் மனைவி. இதற்காகவே இன்று தன் பல் கிளினிக்குக்கு லீவு போட்டிருந்தாள்.

“இலவசமா குடுக்கறவனுக்கு என்ன லாபம்?” என்று பெரியவர் கேட்டார்.

“அதைத்தாம்பா நாம பாக்கணும். சிலது நல்ல மனசுல செஞ்சு குடுக்கறாங்க. சிலது வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும்.”

முதல் பிளேயர் இரண்டாம் வகை. தனியாக வரவில்லை, கூட்டத்தோடு வந்தது. வானிலை சொல்ல ஒன்று, விலைகுறைப்புச் சொல்ல ஒன்று, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஓயாமல் பயமுறுத்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சம்மதம் என்று முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தது. பெண் பார்க்க வந்தவன் பெட்டி படுக்கையோடு வந்த மாதிரி இருக்கே என்றார் பெரியவர். டாக்டர் சிரித்துக்கொண்டே அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள், சொத்தைப் பல்லை எடுப்பதுபோல வேரோடு.

இரண்டாவது பிளேயர் அடக்கமாக வந்தது. கேள்வி கேட்கவில்லை, விளம்பரம் இல்லை. வீடியோவைத் திறந்தது. மனைவி திரையில் வந்தாள்.

இதே கூடம்தான். இதே சுவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருமுறை பக்கவாட்டில் பார்த்துவிட்டு, பிறகு நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். ஆனால் முதலில் உதடு அசைந்தது. சற்றுப் பொறுத்துத்தான் வார்த்தை வந்தது. அவள் வாயை மூடிய பிறகும் குரல் பேசிக்கொண்டிருந்தது.

பெரியவருக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அவர் காட்டிக்கொள்ளவில்லை.

இது வேண்டாம் என்றாள் டாக்டர். அம்மாவை இப்படிப் பார்க்க முடியவில்லை என்றாள். எதிலோ தேடி, பலர் நல்லவிதமாக எழுதியிருந்த மூன்றாவதை இறக்கினாள். எதையும் விட்டுவைக்காமல் ஓட்டும் என்று அதைப் பற்றிச் சொல்லியிருந்தார்களாம். பெரியவர் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ரிப்பேர் பார்த்த லிஃப்ட்டில் அவர் ஆளை ஏற்றவே மாட்டார். முதலில் காலியாக மேலிருந்து கீழ்வரை விட்டுப் பார்ப்பார். இதையும் அப்படியே விடு, விருந்தாளி வந்த பிறகு திணறக்கூடாது என்றார்.

மூன்றாவது பிளேயர் ஓடத் தொடங்கியது.

மனைவி இல்லை.

காலி நாற்காலி. பின்னால் சுவர். சாயங்கால வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. ஃபைல் மாறிவிட்டதோ என்று டாக்டர் பெயரைப் பார்த்தாள். அதேதான்.

பிறகு மனைவி வலப்பக்கத்திலிருந்து வந்து உட்கார்ந்தாள். அவள் நடந்து வந்து உட்காருவதை அவர்கள் இருவரும் அதுவரை பார்த்ததே இல்லை. எத்தனையோ தடவை பார்த்த வீடியோ; அதில் அவள் எப்போதும் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருப்பாள். இறந்துபோனவள் புதிதாக ஒரு காரியம் செய்தாள். பெரியவர் திரையை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் இறக்கிக்கொண்டார்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

மெதுவாக, விட்டு விட்டு. டாக்டர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மாடிப்படியில் ஆள் இல்லை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்கோ மேல் மாடியில் நின்றிருந்தது. கதவைத் திறந்து பிடித்தபடி அவள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் தட்டும் சத்தம் கேட்டது.

சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது.

“அண்ணி,” என்றது ஒரு குரல். கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல், மரத்தைத் தாண்டி மங்கலாக. “அண்ணி, கதவைத் திறங்க. தப்புதான். அண்ணன் வந்ததும் கால்ல விழுந்து கேட்டுட்டுப் போயிடறேன்.”

பெரியவர் அசையவில்லை. தம்பியின் குரல் தெரிந்துகொள்ள அவருக்கு மறுமுறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரையில் மனைவி கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்தாள். “இன்னும் நிக்கறாரு. என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?”

“தெரியாது. நீ தொடங்கு,” என்றது இன்னொரு குரல். அது பெரியவரின் தங்கை குரல்.

தட்டும் சத்தம் நின்றது. மனைவி காதைத் தீட்டிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு நேராகப் பார்த்து, “தம்பி அவராவேதான் போனார். நாங்க யாரும் போகச் சொல்லலை,” என்றாள்.

அங்கேதான் அவர்கள் அறிந்த வீடியோ தொடங்கியது. அந்தப் பக்கப் பார்வையைக் கூச்சம் என்று பெரியவர் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அது கதவைப் பார்த்த பார்வை.

நிறுத்து என்றார். டாக்டர் நிறுத்தினாள். காலி ஓட்டம் கீழ்வரை போகவில்லை. பெரியவர் தம் தொழிலில் ஒருநாளும் செய்யாத தவறு அது. அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் எங்கெங்கோ படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். வீடியோவில் ஒரு பகுதியை வெட்டினால் அது எப்போதும் அழிந்துவிடுவதில்லை. சில சமயம் ஃபைலுக்குள் அப்படியே இருக்கும். இந்த இடத்திலிருந்து காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூடச் சேரும். பழைய கம்ப்யூட்டரில் இருந்த பிளேயரும் இரண்டாவதும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். மூன்றாவது அந்தக் குறிப்பை மதிக்கவில்லை, இருந்ததை எல்லாம் காட்டிவிட்டது.

தங்கையைக் கூப்பிடு என்று மட்டும் பெரியவர் சொன்னார்.

தங்கை கீழ் மாடியில் தனியாக இருப்பவள். வருகிறவளுக்குக் குடிக்கக் கொடுக்கப் புதுக் கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். டாக்டர் பேசாமல் வீடியோவை மறுபடி தொடங்கினாள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தங்கை வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அன்று வாசலைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான். டம்ளர்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் அடுக்கிவிட்டு உட்கார்ந்தாள். டாக்டர் வீடியோவை அங்கேயே நிறுத்தினாள்.

“நான்தான் திறக்க வேண்டாம்னேன்,” என்றாள். “அண்ணி பாவம். அவ மேல கோபப்படாதே.”

“ஏன்?” என்றார் பெரியவர்.

அவள் நிதானமாகவே சொன்னாள். அடைபட்ட நோயாளியின் வீட்டார் அன்று கம்பெனி வாசலில் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள். குடிகாரனை மறுபடி வேலைக்கு வைத்தால் எந்தக் கட்டடத்திலும் கம்பெனி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். அண்ணன் கட்டிக் காத்த பெயர் ஒரே நாளில் போய்விடும். தம்பி போயே ஆக வேண்டும். தானாகப் போனதாகவும் இருக்க வேண்டும்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே அனுப்பியிருப்பேன்.”

“நீ அனுப்பியிருக்க மாட்டே. உன்னைக் கல்லுனு எல்லாரும் நினைச்சுட்டிருக்காங்க. அவன் மூஞ்சியைப் பார்த்திருந்தா நீ அழுதிருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?”

பெரியவர் வாழ்நாளில் வாங்கிய அடிகளில் இதுவும் ஒன்று.

டாக்டர் இடையில் புகுந்தாள். அத்தைக்குப் போனில் எழுத்தைப் பெரிதாக்கக்கூட இன்னொரு ஆள் வேண்டும். “அத்தை, வீடியோவை வெட்ட உங்களுக்குத் தெரியுமா?”

தங்கை டம்ளர்களைப் பார்த்தாள். “அதை விடு,” என்றாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, இரண்டாவது பிளேயரையே போடச் சொன்னாள். இறந்துபோனவர்கள் இரண்டு பேர், அவர்களைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அந்தப் பெண் பார்த்துவிட்டுப் போகட்டும். நீ பொய் சொல்ல வேண்டாம், வாயே திறக்க வேண்டாம், பட்டனை மட்டும் தட்டினால் போதும் என்றாள்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. எல்லாவற்றையும் காட்டியே ஆக வேண்டும், அந்தப் பெண்ணுக்கு அந்த உரிமை உண்டு என்றாள். சொத்தையை மூடி வைத்து மேலே அடைத்தால் உள்ளே அழுகும், தினம் பார்க்கிறேன் என்றாள். ஆனாலும் அப்பா எதைக் கேட்பார் என்று தெரியாததால், இரண்டாவது பிளேயரில் குரல் பிந்தி வருவதையும் சரிசெய்து வைத்தாள். அதற்கு ஒரு செட்டிங் இருந்தது. இப்போது இரண்டும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் தயாராக நின்றன. ஒன்றில் பெரியவர் குற்றமற்றவர். மற்றொன்றில் அவர் வீடு குற்றமுள்ளது.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது வாசல் கதவைப் பார்த்தார். அவரே வாங்கிப் போட்ட கதவு, கனமான மரம். நல்ல சாமான் என்று பெருமைப்பட்டிருக்கிறார். இப்போது அதன் மரத்துக்குள் ஏதோ சிக்கிக்கொண்டிருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. எழுந்துபோய் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தம்பி மகள் சாயங்காலம் வந்தாள். நிலம் அளக்கிற வேலையில் இருப்பவள். வெயிலில் கறுத்த முகம், தூசி படிந்த ஷூ. அதை வெளியிலேயே கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பெரியவரை நேராகப் பார்த்து, “பெரியப்பா,” என்றாள். அந்தச் சொல்லை அவளிடமிருந்து கேட்க அவர் தயாராக இருக்கவில்லை.

தங்கை தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் நாற்காலி போட்டாள். மாப்பிள்ளை வேலையிலிருந்து இன்னும் வரவில்லை என்று பொதுவாகச் சொன்னாள். பயணம் எப்படி, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கொஞ்சம் பேச்சு நடந்தது.

பெரியவர் இரண்டாவது பிளேயரைத் திறந்தார். ஆமாம், இரண்டாவதைத்தான். ஒரு குடும்பத்தின் பெயரை வாழ்நாளெல்லாம் தூக்கிச் சுமந்தவர்கள் அவரைப் புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

தங்கை நிம்மதியாக மூச்சு விட்டாள். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இதைப் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், பெரியப்பா,” என்றாள் தம்பி மகள். “நான் சண்டைக்கு வரலை. அப்பா கடைசி வரைக்கும் உங்களைத் தப்பா ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்னைக்கு அண்ணன் வீட்ல இல்லை, இருந்திருந்தா திறந்திருப்பார்னுதான் சொல்வாரு. அது நிஜமான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்.”

பெரியவரின் கை மவுஸ்மேல் அப்படியே இருந்தது. சுவரில் விழுந்த வெளிச்சம், வீடியோவில் இருந்த அதே சாயங்கால வெளிச்சம், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அவர் இரண்டாவதை மூடினார். மூன்றாவதைத் திறந்தார்.

காலி நாற்காலி வந்தது. மனைவி வந்து உட்கார்ந்தாள். கதவு தட்டப்பட்டது. தன் அப்பாவின் குரல் கேட்டதும் தம்பி மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் அழவில்லை. கண்ணை மூடிக் கேட்டாள். மனைவி சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துத் தலையைக் குனிந்தாள். வழக்கமாக வீடியோ அத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லை.

வெட்டியவர் முன்னால் மட்டும் வெட்டவில்லை, பின்னாலும் வெட்டியிருந்தார். காலையில் அதுவரை விட்டுப் பார்க்காமல் நிறுத்தியது அப்போதுதான் பெரியவருக்கு நினைவு வந்தது. நிறுத்த அவருக்கு நேரம் இருந்தது. அவர் நிறுத்தவில்லை.

திரையில் மனைவி எழுந்து கதவுப் பக்கம் போனாள். தாழ்ப்பாள் விலகும் ஓசை. அவள் வெளியே போய் யாரையோ கூப்பிட்டாள், ஒருமுறை, இரண்டுமுறை. பதில் இல்லை. காலி நாற்காலி மட்டும் திரையில் இருந்தது. அவள் திரும்பி வந்து, அழுகையை அடக்கிய குரலில், அவர் போயிட்டார் என்றாள்.

அப்போது கேமராவுக்கு மிக அருகில், காதுக்குள் பேசுவதுபோல, ஒரு இளைஞனின் குரல் கேட்டது. அதுவரை அந்த அறையில் ஒரு மூச்சுச் சத்தம்கூட விடாமல் நின்றிருந்த குரல்.

“போதும்மா. கதவு சத்தம் வந்த இடத்தை எல்லாம் நான் வெட்டிடறேன். ஐயா வர்றதுக்குள்ள அனுப்பிடலாம்.”

வீடியோ முடிந்தது.

தம்பி மகளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. யார் இது என்று கேட்டாள். தங்கை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். டாக்டர் உட்கார்ந்த இடத்தில் உறைந்திருந்தாள். அந்தக் குரல் இப்போது கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். காலையில் அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதும் அதே குரல். அப்போது கம்பெனியில் உதவியாளாக இருந்தவர், தம்பியின் இடத்துக்கு வந்தவர், அதன்பின் இந்த வீட்டுக்கே மருமகனாக வந்தவர்.

“அப்பா,” என்றாள் டாக்டர். காலையில் அத்தையை எதிர்த்துப் பேசிய குரல் அவளிடம் இல்லை. “அந்த ரெண்டாவது பிளேயரே இருக்கட்டும்பா. இதை எடுத்துடலாம்.”

பெரியவர் மகளைப் பார்த்தார். அவளுக்கு என்ன வயதானாலும், பயந்தால் அவள் முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிடும். அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. மறுபக்கம் தம்பி மகள், கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தாள்.

வெளியே லிஃப்ட் வந்து நின்றது. பூட்டில் சாவி திரும்பியது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். கையில் எண்ணெய்க்கறை, முகத்தில் நாள் முழுக்க உழைத்த களைப்பு. விருந்தாளிக்கு மரியாதையாகக் கைகூப்பினார். திரையைப் பார்த்து, வீடியோ ஓடியதா, எந்த பிளேயர் சரிப்பட்டது என்று சாதாரணமாகக் கேட்டார்.

பெரியவர் எழுந்தார். காலையிலிருந்து தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரைக்கு நேராகத் திருப்பி, அதன் முதுகில் கையை வைத்தார்.

“உக்காருங்க மாப்பிள்ளை,” என்றார். “முதல்லேர்ந்து போடறேன்.”